இரைப்பையும் அதனைப் பற்றும் பிணிகளும்

உடம்பின் உறுப்புக்களுள் இரைப்பையைப் போல மனிதனால் அடிக்கடி நினைக்கப்படுவதும், அதே வேளையிற் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதும் பிறிதொன்றில்லை எனலாம். மேல்வயிற்றிலே தோன்றும் எரிவு, பொருமல், குத்து, புளியேப்பம் ஆகிய யாவற்றையும் 'காஸ்ற்றைற்றிஸ்' என்னும் ஒரு சொல்லினுள் அடக்கி, மருந்துக்கடையிலே குளிகை வாங்கி விழுங்கி அமைதி கொள்வது இன்று இலங்கையிற் பரவலான வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு பெயரின் கீழ் மறைந்து கிடக்கும் பிணிகளோ பல. அவற்றுட் சில தாமே தணிவன. சில இரு வார மருந்தினால் முற்றாக நீங்குவன. வேறு சில காலந்தாழ்த்தினால் உயிரையே கவர்வன. இவற்றைப் பிரித்தறியும் அறிவு வைத்தியருக்கு மட்டுமன்றி வயிறு படைத்த யாவர்க்கும் வேண்டுவதாம். அதற்கு முதற்கண் இரைப்பையின் அமைப்பையும் தொழிலையும் அறிதல் அவசியமாகின்றது.

இரைப்பையின் அமைப்பு

வயிற்றுவலி என்று சொல்வோர் பலர் தொப்புளைச் சுற்றிக் கைவைத்துக் காட்டுவர். ஆயின், இரைப்பை அங்கே இருப்பதன்று. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் கீழே, பெரும்பகுதி இடப்பக்க விலாவெலும்புகளின் மறைவிலே அது அமைந்துள்ளது. அதன் இடப்புறத்தே மண்ணீரலும், வலப்புறத்தே ஈரலும், பின்புறத்தே சதையியும் உள்ளன. மேலே களம் எனப்படும் உணவுக்குழாய் அதனுள் வந்து திறக்கின்றது. கீழே முன்சிறுகுடல் அதிலிருந்து தொடங்குகின்றது. இவ்விரு வாயில்களிலும் வளையம் போன்ற தசைகள் காவல் புரிகின்றன. மேல்வாயிலிலுள்ள தசை உணவு மேலே திரும்பாவண்ணம் தடுக்கின்றது. கீழ்வாயிலிலுள்ள தசை உணவைச் சிறிது சிறிதாகவே குடலினுட் செல்ல விடுகின்றது.

வெறுமையாக இருக்கும்போது இரைப்பை சுருங்கி மடிப்பு மடிப்பாக இருக்கும். உணவு வந்ததும் அம்மடிப்புக்கள் விரிந்து கொடுக்கின்றன. சாதாரண உணவின்பின் அது 1 இலீற்றர் முதல் 1½ இலீற்றர் வரை கொள்ளும். இவ்வாறு விரியும்போது உள்ளமுக்கம் அதிகம் ஏறுவதில்லை. உணவு வருகின்றது என்னும் செய்தியை நரம்புகள் முன்னரே அறிவிக்க, இரைப்பையின் மேற்பகுதி தானே தளர்ந்து இடங்கொடுக்கின்றது. இத்தளர்ச்சி சரிவர நிகழாதவர்கள் சில கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டதாக உணர்வர்.

இரைப்பையின் சுவரில் நீளவாட்டாகவும், வளையமாகவும், சாய்வாகவும் செல்லும் மூன்று தசைப்படைகள் உள்ளன. ஏனைய குடற்பகுதிகளில் இரண்டு படைகளே உண்டு. இந்த மூன்றாம் படையின் துணையினாலேயே இரைப்பை உணவைத் தள்ளுவதோடு நில்லாது, பிசைந்து கடைந்து கூழாக்கவும் வல்லதாகின்றது. நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை அலை போன்ற சுருக்கங்கள் நடுப்பகுதியிலிருந்து குடல்வாயை நோக்கி ஓடுகின்றன.

தசையின் உட்புறத்தே சளியமென்சவ்வு படர்ந்துள்ளது. அதிலே நுண்ணிய குழிகளும், அவற்றின் அடியிலே சுரப்பிகளும் எண்ணிறந்தன உள. ஒருவகைக் கலங்கள் ஐதரோகுளோரிக்கமிலத்தையும், இன்னொருவகை பெப்சின் என்னும் நொதியத்தின் முன்னோடிப் பொருளையும், வேறொருவகை வழுவழுப்பான சளியத்தையும் சுரக்கின்றன. நாளொன்றுக்குச் சுரக்கும் சாற்றின் அளவு ஏறத்தாழ 2 இலீற்றராகும்.

இரைப்பையின் தொழில்

பழந்தமிழ் மருத்துவம் வயிற்றிலே ஒரு தீ எரிகின்றதென்றும், அத்தீயே உண்டதை அறச்செய்கின்றதென்றும் கூறிற்று. சாடராக்கினி என்பது அதன் பெயர். மேனாட்டாரிடையேயோ, உணவு வயிற்றில் அரைபடுகின்றது என்பாரும், அழுகுகின்றது என்பாரும், வேகின்றது என்பாருமாகப் பல கொள்கையினர் இருந்தனர். இவற்றைச் சோதித்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு றேயோமூர் என்பவர். 1752ஆம் ஆண்டில் அவர் துளையிட்ட உலோகக் குழாய்களினுள் இறைச்சியை வைத்துப் பருந்தொன்றை விழுங்கச் செய்தார். சீரணிக்க இயலாதவற்றைக் கக்கிவிடுவது அப்பறவையின் இயல்பு. கக்கப்பட்ட குழாயைத் திறந்தபோது இறைச்சி கரைந்திருந்தது. உலோகத்தினுள் இருந்ததை வயிறு அரைத்திருக்க முடியாது. ஆதலின், கரைக்கும் தன்மையுள்ள சாறு ஒன்று உண்டென்பது பெறப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய அறிஞர் இசுப்பலன்சானி இறைச்சியையும் உரொட்டியையும் சிறு துணிப்பைகளிலே தைத்துத் தாமே விழுங்கி, மனித வயிற்றிலும் அதுவே நிகழ்கின்றதெனக் கண்டார்.

சாற்றின் புளிப்புக்குக் காரணம் ஐதரோகுளோரிக்கமிலமே என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பிரௌற்று 1824இல் வெளியான தமது கட்டுரையில் நிறுவினார். அமிலம் மட்டுமன்றிப் புரதத்தைச் சிதைக்கும் வேறொரு பொருளும் அதிலுண்டு எனக் கண்டு, அதற்கு 1836இல் பெப்சின் எனப் பெயரிட்டவர் செருமானியரான தியோடர் சுவான்.

எனினும், உயிருள்ள மனிதனின் இரைப்பையை நேரே பார்க்கும் வாய்ப்பு ஒரு விபத்தினாலேயே கிட்டியது. 1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி, அமெரிக்காவின் மக்கினோ தீவிலுள்ள தோல் வணிகப் பண்டகசாலையொன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அலெக்சிசு சான் மாட்டின் என்னும் கனேடியக் கூலியாளின் இடப்புற விலாவைத் துளைத்தது. இராணுவ வைத்தியரான வில்லியம் போமொன்று அவருக்குச் சிகிச்சை செய்தார். பிழையார் எனக் கருதப்பட்டவர் பிழைத்தார். ஆனால், இரைப்பையின் துவாரம் மூடாது, வெளித்தோலோடு ஒட்டி நிலையான வாயிலாக அமைந்துவிட்டது. 1825 முதல் 1833 வரை இடையிட்டு இடையிட்டுப் போமொன்று அவ்வாயில் வழியே பட்டுநூலிற் கட்டிய உணவை உட்செலுத்தியும், சாற்றை வெளியே எடுத்தும் இருநூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் நடத்தினார். சான் மாட்டின் சினங்கொண்ட வேளைகளிற் சமிபாடு குன்றியதையும் அவர் குறித்து வைத்தார். 1833இல் அவர் வெளியிட்ட நூல் சமிபாட்டியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. ஆயின், உலகுக்கு அறிவு தந்த அவ்வேழைக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதே. வயிற்றுப் பிழைப்புக்காகத் தம் வயிற்றையே காட்சிப்பொருளாக்க நேர்ந்த அவர் 1880இல் இறந்தபோது, வைத்தியர்கள் உடலைக் கூறுபடுத்தலாகாது என்று உறவினர் அதனை அழுகும்வரை வைத்திருந்து ஆழப் புதைத்தனர் என்பது வரலாறு.

உணவு வாயிற் படுமுன்னரே இரைப்பை ஆயத்தமாகின்றது என்பதை உருசிய அறிஞர் பவுலொவ் நாய்களைக்கொண்டு காட்டினார். விழுங்கிய உணவு இரைப்பையை அடையாது கழுத்தின் வழியே வெளியேறுமாறு செய்தபோதும் சாறு பெருகிச் சுரந்தது. காட்சியும் மணமும் சுவையும் மூளையை எழுப்ப, மூளை நரம்பின் வழியே இரைப்பையை ஏவுகின்றது. சமிபாடு பற்றிய இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு 1904ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. உணவு இரைப்பையை அடைந்தபின் கசுத்திரின் என்னும் ஓமோன் குருதியிற் கலந்து சுரப்பை மேலும் தூண்டுகின்றது.

இங்ஙனம் சுரக்கும் அமிலம் மூன்று பயன்களைத் தருகின்றது. உணவோடு வரும் கிருமிகளுட் பெரும்பாலானவற்றைக் கொல்கின்றது. புரதத்தின் கட்டுக்களைத் தளர்த்துகின்றது. பெப்சினைத் தொழிற்படச் செய்கின்றது. அமிலஞ் சுரக்கும் அதே கலங்கள் விற்றமின் பீ 12ஐக் குடல் உறிஞ்சுவதற்கு இன்றியமையாத காரணியொன்றையும் சுரக்கின்றன. அக்காரணி இல்லாதொழியின், உணவில் அவ்விற்றமின் நிறைந்திருந்தாலும் பயனில்லை. கடும் குருதிச்சோகையும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாகும். சத்திரசிகிச்சையினால் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு அவ்விற்றமினை ஆயுள் முழுவதும் ஊசி மூலமாகவோ வேறு வகையாகவோ கொடுக்கவேண்டியிருப்பது இக்காரணத்தினாலேயாம்.

உணவு இரைப்பையிலே தங்கும் காலம் அதன் தன்மையைப் பொறுத்தது. தண்ணீர் விரைவிற் கடந்து செல்லும். கஞ்சி போன்ற மாப்பண்டங்கள் அதனிலும் தாமதித்துச் செல்லும். புரதம் மேலும் தாமதிக்கும். கொழுப்பே யாவற்றிலும் பிந்திச் செல்வது. கலப்புணவு மூன்று நான்கு மணி நேரம் தங்கும். நெய்யும் எண்ணெயும் மிகுந்த விருந்துணவின்பின் நெடுநேரம் வயிறு கனத்திருப்பதன் காரணம் இதுவே.

இறைச்சியைக் கரைக்கும் சாறு இறைச்சியினாலாகிய இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை என்னும் வினா இங்கே எழுதல் இயல்பு. உட்சுவரின்மீது சளியம் ஒரு போர்வை போலப் படிந்துள்ளது; அப்போர்வையினுள் அமிலத்தை நடுநிலைப்படுத்தும் இருகாபனேற்று சுரக்கின்றது; போர்வையின் கீழுள்ள கலங்களோ சில நாட்களுக்கொருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன; குருதியோட்டம் அவற்றை இடையறாது பேணுகின்றது. தாக்கும் சாறும் காக்கும் சுவரும் சமநிலையில் நிற்கும்வரை நலம் உண்டு. இரைப்பையின் பிணிகளுட் பல இச்சமநிலை குலைவதனால் எழுவனவே.

நெஞ்செரிவு

மேல்வாயிற் காவல்தசை தளரும்போது அமிலம் களத்தினுள் ஏறுகின்றது. களத்துக்கு இரைப்பைக்குள்ளதுபோன்ற சளியப் போர்வை இல்லை. ஆதலின், மார்பெலும்பின் பின்னே எரிவும், வாயிலே புளிப்பும் தோன்றுகின்றன. உடற்பருமன், கருப்பம், புகைத்தல், மது, இரவிலே வயிறுமுட்ட உண்டு உடனே படுத்தல் ஆகியன இதனை மிகுவிப்பன. படுக்கைக்குச் செல்வதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னரே உண்டு முடித்தல், கட்டிலின் தலைப்பக்கக் கால்களை ஆறங்குலம் வரை உயர்த்துதல், மிகை எடையைக் குறைத்தல் என்பன மருந்தின்றியே பயன் தருவன. தலையணைகளை அடுக்கிக்கொள்வதனால் இடுப்பு மடிந்து வயிற்றமுக்கம் ஏறுமேயன்றி நன்மை குறைவு. ஆண்டுக்கணக்கில் எரிவு நீடித்தால் களத்தின் உட்சவ்வு மாற்றமடைந்து, அரிதாகப் புற்றாகவும் கூடும்.

செமியாக்குணம்

உண்டபின் பொருமல், விரைவில் நிறைதல், மேல்வயிற்று வேதனை ஆகியவற்றோடு வருவோர் பலரின் இரைப்பையை உட்காட்டி கொண்டு பார்த்தால், புண்ணோ அழற்சியோ காணப்படுவதில்லை. இதனாற் பிணி கற்பனையென்று கொள்ளுதல் தவறு. இரைப்பையின் தளர்ச்சியும் அசைவும் இசைவு கெடுதலும், அதன் நரம்புகள் சிறு விரிவையும் வலியாக உணர்தலும் இதற்குக் காரணங்களாகக் காணப்பட்டுள்ளன. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்மையின், கவலையும் அச்சமும் இதனை மிகுவிக்கும். பரீட்சை நெருங்கும் வேளையில் மாணவரின் வயிறு கலங்குவது இதற்கு அண்மையான உதாரணம். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுதலும், கொழுப்பைக் குறைத்தலும், போதிய உறக்கமும் ஆறுதல் தருவன. நெடுநாள் நீரிழிவு உடையோருக்கு இரைப்பையின் நரம்புகள் பழுதடைவதனால் உணவு தேங்கி நிற்பதும் உண்டு. அது வேறு பிணியாகும்.

அழற்சியும் புண்ணும்

காஸ்ற்றைற்றிஸ் என்னும் சொல்லின் உண்மைப்பொருள் இரைப்பைச் சவ்வின் அழற்சி என்பதே. அச்சவ்வைப் பார்த்து, அதில் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதித்தாலன்றி அதனை உறுதிசெய்தல் இயலாது. அழற்சி ஆழ்ந்து சவ்வைக் குடைந்து உட்செல்லின் புண்ணாகின்றது. இது இரைப்பையிலும் வரும். அதனை அடுத்த முன்சிறுகுடலிலும் வரும். முன்சிறுகுடற் புண்ணின் வலி பெரும்பாலும் வெறுவயிற்றிலும் நள்ளிரவிலும் தோன்றி உண்டதும் தணியும்; இரைப்பைப் புண்ணின் வலி உண்டபின் மிகுதலும் கூடும். சித்த மருத்துவ நூல்களிலே குன்மம் என்று கூறப்படும் நோயின் குறிகளுட் சில இவற்றோடு ஒத்துள்ளன.

இப்புண்ணின் காரணம் பற்றி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவிய கொள்கை, அமிலமும் மனக்கவலையும் காரமான உணவுமே அதனை விளைவிக்கின்றன என்பதாகும். சிக்காகோ நகரின் சிப்பி என்னும் வைத்தியர் 1915இல் வகுத்த முறைப்படி நோயாளருக்கு மணிக்கொருதரம் பாலும் பாலாடையும் ஊட்டப்பட்டன. பால் சிறிது நேரம் எரிவைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆயின், அதிலுள்ள புரதமும் கல்சியமும் பின்னர் அமிலத்தை மேலும் சுரக்கச் செய்கின்றன என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. மருந்தாலும் உணவாலும் ஆறாதவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி அகற்றினர். அல்லது அதற்குச் செல்லும் நரம்பைத் துண்டித்தனர். 1976இல் இங்கிலாந்திற் புழக்கத்துக்கு வந்த சிமெற்றிடீன் என்னும் மருந்து அமிலச் சுரப்பைத் தடுத்துப் புண்ணை ஆற்றிற்று. அதனை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய சேமிசு பிளாக்கு 1988இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எனினும், மருந்தை நிறுத்தியதும் பலரிடம் புண் திரும்பிற்று. வேர் எங்கோ மறைந்திருந்தது.

அவ்வேரைக் கண்டவர்கள் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த்து நகரில் இருந்தனர். நோயியல் அறிஞரான றொபின் வாரன் 1979இல் அழற்சியுற்ற இரைப்பைத் துணுக்கிலே சுருளுருவமான பற்றீரியாக்களைக் கண்டார். அமிலத்திலே கிருமி வாழாது என்பது அக்காலத்துத் துணிபாகையால் அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 1981இல் இளம் வைத்தியரான பரி மாசல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கச் செய்த முயற்சிகள் பலகாலும் தோல்வியுற்றன; வளர்ப்புத் தட்டுக்கள் இரண்டு நாட்களின்பின் எறியப்படுவது வழக்கமாயிருந்தது. 1982ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத உயிர்த்தஞாயிறு விடுமுறையில் தட்டுக்கள் ஐந்து நாட்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது.

உலகம் அப்போதும் நம்பவில்லை. 1984இல் மாசல் தம் இரைப்பை நலமாயிருப்பதைச் சோதித்தறிந்தபின், அக்கிருமிக் குழம்பைத் தாமே பருகினார். சில நாட்களில் ஓங்காளமும் வாந்தியும் தோன்றின. உட்காட்டியிற் பார்த்தபோது கடும் அழற்சி காணப்பட்டது. இப்பரிசோதனையின் விபரம் 1985இல் வெளியாயிற்று. அக்கிருமிக்கு எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பெயர் 1989இல் அமைந்தது. அது யூரியாவைச் சிதைத்து அமோனியாவை ஆக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை நடுநிலைப்படுத்தி, சளியப் போர்வையினுள் ஒளிந்து வாழ்கின்றது. மாசலுக்கும் வாரனுக்கும் 2005ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கிருமி பெரும்பாலும் இளமைப் பருவத்திலே, நெருக்கமான வாழிடங்களிலும் தூய்மை குன்றிய நீர்வசதியுள்ள இடங்களிலும் வாய்வழியே தொற்றுகின்றது. உடையோர் யாவருக்கும் புண் வருவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே வருகின்றது. மூச்சைச் சோதித்தோ, மலத்தைச் சோதித்தோ, சவ்வுத் துணுக்கைச் சோதித்தோ கிருமி உண்டா என அறியலாம். இருப்பின், அமிலத்தைத் தடுக்கும் மருந்தொன்றோடு நுண்ணுயிரெதிரி மருந்துகளையும் பெரும்பாலும் 14 நாட்களுக்கு உட்கொள்ளல் வேண்டும். இடையில் நிறுத்தினாற் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். ஒருகாலத்தில் ஆயுள் முழுவதும் வருத்திய பிணி இரு வாரங்களில் வேரறுவது மருத்துவ வரலாற்றின் பெருவெற்றிகளுள் ஒன்றாம்.

புண்ணின் மற்றைய பெருங்காரணம் வலிமருந்துகள். அஸ்பிரின், இபுபுறோபன், டைக்குளோபெனக்கு முதலியவை இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருளொன்றின் ஆக்கத்தைத் தடுக்கின்றன. மூட்டுவலிக்கென முதியோர் நாடோறும் விழுங்கும் குளிகை முன்னறிவிப்பின்றிக் குருதிப்பெருக்கை உண்டாக்குதல் கூடும். வயிற்றெரிவுக்கு ஒரு குளிகையும் முழங்கால்வலிக்கு ஒரு குளிகையுமாக இரண்டையும் தம் விருப்பப்படி உண்போர், பின்னதே முன்னதற்குக் காரணமென்பதை உணர்வதில்லை. இருதய நோய்க்காக வைத்தியர் விதித்த அஸ்பிரினையோ, அவரைக் கேளாது நிறுத்துதலும் ஆபத்தாகும்.

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. உள்ள எரிவை மிகுவிக்க வல்லது. ஒரு வேளை உண்ணாதிருத்தலும் விரதங் காத்தலும் புண்ணை உண்டாக்குவதற்குச் சான்றில்லை. முன்சிறுகுடற் புண் ஏற்கனவே இருப்பின், வெறுவயிற்றில் அது வலிக்கின்றது என்பதே உண்மை. ஆதலின், பட்டினியாற் புண் வந்தது என்று கூறுவோர் பலரிடத்துப் பட்டினி புண்ணைக் காட்டிக்கொடுத்ததேயன்றி ஆக்கியதன்று. புகைத்தலோ புண் ஆறுதலைத் தாமதிக்கச் செய்கின்றது. மிகுந்த மது சவ்வை நேரே தாக்குகின்றது.

புற்றுநோய்

நெடுங்கால அழற்சியின் கடைசி விளைவு சிலருக்குப் புற்றாக முடிகின்றது. எலிக்கோபற்றர் பைலோரி மனிதருக்குப் புற்றை விளைவிப்பதென 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகுத்தது. உப்பிட்டுப் பதப்படுத்திய மீனையும் ஊறுபண்டங்களையும் மிகுதியாக உண்ணுதலும் புகைத்தலும் அதற்குத் துணைக்காரணங்கள். குளிரூட்டிகள் பரவி, உப்பிட்டுச் சேமிக்கும் வழக்கம் குறைந்த நாடுகளில் இந்நோயும் குறைந்து வந்துள்ளது. ஆயினும், 2022ஆம் ஆண்டில் உலகில் 9 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இதற்கு ஆளாயினர் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இந்நோயின் கொடுமை அதன் மறைவிலே உள்ளது. தொடக்கத்தில் அது சாதாரண செமியாக்குணம் போலவே தோன்றும். எரிவுக்குளிகையால் அக்குறிகள் சிலகாலம் தணிவதும் உண்டு. அதனால் நோயாளர் ஆறுதலடைய, புற்று வளர்ந்துகொண்டே செல்லும். தொடக்கத்திலே கண்டால் முற்றாகக் குணமாக்கலாம். இரைப்பையின் புற்றுற்ற பகுதியை வெற்றிகரமாக வெட்டி அகற்றிய முதற் சத்திரசிகிச்சையை வியன்னாவில் பில்றோத்து என்பவர் 1881ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் செய்தார். உள்ளே பார்க்கும் கருவியோ நெடுங்காலம் விறைத்த உலோகக் குழாயாகவே இருந்தது. 1868இல் குசுமவுல் என்னும் செருமானிய வைத்தியர் அதனை முதலிற் செலுத்தியது வாள் விழுங்கும் வித்தைக்காரனொருவனிடத்திலாம். வளையும் கண்ணாடி இழைகளாலான உட்காட்டியை 1957இல் இர்சோவிற்சு என்பவர் தாமே விழுங்கிப் பார்த்தபின் நோயாளரிடத்துப் பயன்படுத்தினார். இன்று சில நிமிடங்களில் முடியும் இப்பரிசோதனைக்கு அஞ்சிக் காலங்கடத்துவோர் இழப்பது மிகப் பெரிதாகும்.

காலந்தாழ்த்தலாகாத குறிகள்

சில குறிகள் தோன்றின், அவற்றைக் 'காஸ்ற்றைற்றிஸ்' என ஒதுக்குதல் தகாது. தார்போலக் கறுத்து நாறும் மலமும், குருதியோ கோப்பித்தூள் போன்ற பொருளோ கலந்த வாந்தியும் உள்ளே குருதி பெருகுவதைக் காட்டுவன; உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இரும்புச்சத்துக் குளிகையும் மலத்தைக் கறுக்கச் செய்யுமாயினும், அதனை முடிவுசெய்ய வேண்டியவர் வைத்தியரே. திடீரெனக் கத்தியாற் குத்தியது போன்ற வலியோடு வயிறு பலகைபோல இறுகுமாயின், புண் துளைத்துவிட்டதென்று கருதலாம். மணிக்கணக்கில் தாமதித்தலும் உயிருக்கு இடராம். காரணமின்றி எடை குறைதல், விழுங்குதற் கடினம், ஓயாத வாந்தி, குருதிச்சோகை என்பனவும், நடுவயதைக் கடந்தோருக்குப் புதிதாகத் தோன்றும் செமியாக்குணமும் உட்காட்டிப் பரிசோதனையை வேண்டுவன.

இன்னொன்று யாவற்றிலும் முக்கியமானது. இருதயத்தின் குருதிக்குழாய் அடைபடும்போது எழும் வலி சிலவேளை மேல்வயிற்றிலே அழுத்தமாகவோ எரிவாகவோ தோன்றும். வியர்வையும் ஓங்காளமும் மூச்சிரைப்பும் உடன்வருதல் கூடும். 'வாயு' என்று கருதி, இஞ்சிச்சாறும் ஓமநீரும் குடித்து இரவைக் கழித்தோர் விடியலைக் காணாது போனதுண்டு. நீரிழிவுடையோருக்கும் முதியோருக்கும் இவ்வாறு நேர்தல் மிகுதி. நடந்தால் மிகுந்து நின்றால் தணியும் 'வயிற்றெரிவு' வயிற்றினதன்று என்று ஐயுறுதல் வேண்டும். வீண்பயமென்று வைத்தியர் திருப்பியனுப்பினால் அதனால் இழப்பொன்றுமில்லை.

குளிகையும் அதன் எல்லையும்

ஒமிப்பிரசோல் முதலிய அமிலத்தடை மருந்துகள் உரிய காரணத்துக்கு, உரிய காலத்துக்கு உண்ணப்படும்போது பெரும்பயன் தருவன. காரணமறியாது ஆண்டுக்கணக்கில் உண்ணின், விற்றமின் பீ 12 குறைதலும், மக்னீசியம் குறைதலும், குடற்றொற்றுக்கள் மிகுதலும் நேரலாம். கிருமிகளைத் தடுக்கும் முதற்காவலே அமிலம் என்பதை நினைவிற் கொண்டால் இதன் காரணம் விளங்கும். இரு வாரங்களுக்கு மேலாக எரிவு நீடிப்பின், குளிகையை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருந்துகளின் பெயரைக் கூறாது, முன் உண்டது அற்றதறிந்து அளவோடு உண்ணும் ஒழுக்கத்தையே பெரிதும் வற்புறுத்துகின்றது. கிருமியையோ வலிமருந்தையோ புற்றையோ அவ்வொழுக்கமொன்றே தடுத்துவிடாது. அவற்றுக்கு வைத்தியரின் துணை வேண்டும். அவ்வாறே, வைத்தியரின் துணையொன்றே மிகையுண்டியின் விளைவைத் தடுத்துவிடாது. அதற்கு உண்பவனின் நிதானம் வேண்டும். இரைப்பை பேசும் மொழி சில சொற்களையே உடையது. எரிவு, வலி, பொருமல், ஓங்காளம் என்பனவே அவை. அச்சொற்களாலேயே அது சிறுகுறையையும் பெருங்கேட்டையும் உரைக்கின்றது. ஆதலின், அது பேசும்போது வாயை அடைப்பதற்குக் குளிகை தேடாது, சொல்வது யாதென்று கேட்டறிதலே உடல்நலத்துக்கும் உயிர்க்காப்புக்கும் உற்ற வழியாகும்.